அப்ளைடு கம்யூனிகேஷன் மாஸ்டர்ஸ்: டிகிரி முடிக்க என்னென்ன வேணும்? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

நான் மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல விஸ்காம் முடிச்சிட்டு அமெரிக்காவுல மிட்வெஸ்ட்ல ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில கம்யூனிகேஷன் எம்.ஏ. படிச்சேன். வருஷா வருஷம் மார்ச் மாசம் அட்மிட் வந்ததும் தம்பி தங்கச்சிங்க மெசேஜ் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க, அப்புறம் முதல் செமஸ்டர் நடுவுல ஒரு தடவ, கடைசி செமஸ்டர்ல அழாத குறையா இன்னொரு தடவ. கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். இது எல்லாமே அமெரிக்க யூனிவர்சிட்டிகளப் பத்தினது. நம்பர்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், மாறுற இடத்துல சொல்லியிருக்கேன்.

அக்கா, அப்ளைடு கம்யூனிகேஷன்னா மாஸ் கம்யூனிகேஷன் தானே? பேர் மட்டும் வேறயா?

இல்லப்பா. மாஸ் கம்னா பத்திரிகை, டிவி, விளம்பரம்னு மீடியா பக்கம். இது ஆளும் ஆளும் பேசிக்கிற பக்கம். ஆஸ்பத்திரில டாக்டர் சொன்னது நோயாளிக்குப் புரிஞ்சுதா, ஆபீஸ்ல மேல இருந்து வர்ற தகவல் கீழ போறதுக்குள்ள எங்க உடையுது, வெள்ளம் வரும்போது ஊர்க்காரங்க எந்த எச்சரிக்கைய நம்புறாங்க, இந்த மாதிரி. அத ஆராய்ச்சி முறையில கண்டுபிடிச்சு சரி பண்றதுதான் அப்ளைடு.

அங்க இந்தத் துறை மேடைப்பேச்சு வாத்தியாருங்க கிட்ட இருந்து வளந்தது. இன்னிக்கு நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன்னு இருக்கிற அமைப்பு 1914-ல பப்ளிக் ஸ்பீக்கிங் ஆசிரியர்கள் சங்கமாத்தான் ஆரம்பிச்சது. அப்ளைடு ஆராய்ச்சிக்குன்னே தனி ஜர்னல் 1973-ல வந்துச்சு. இண்டியானாபொலிஸ்ல இருக்கிற இண்டியானா யூனிவர்சிட்டி மாதிரி சில இடங்கள்ல இதே பேர்லயே எம்.ஏ. இருக்கு. பல இடங்கள்ல வெறும் கம்யூனிகேஷன் எம்.ஏ.ன்னு இருக்கும், உள்ள போனா இதே பாடம் தான், அதனால பேரப் பாக்காம பாட லிஸ்ட்டப் பாருங்க.

மொத்தம் எத்தன கிரெடிட்? எத்தன வருஷம் ஆகும்?

பெரும்பாலும் 30-ல இருந்து 36 கிரெடிட். ஒரு கோர்ஸ் 3 கிரெடிட், ஆக 10-ல இருந்து 12 கோர்ஸ். மாஸ்டர்ஸ்ல ஃபுல் டைம்னா பொதுவா செமஸ்டருக்கு 9 கிரெடிட், அதாவது மூணு கோர்ஸ். நாலு செமஸ்டர் போட்டா 36, ரெண்டு வருஷம்.

"மூணு கோர்ஸ் தானா, ஊர்ல எட்டு பேப்பர் படிச்சவன் நான்"னு ஒரு தம்பி 12 கிரெடிட் எடுத்தான். ஒவ்வொரு கோர்ஸும் வாரத்துக்கு ஒரு நாள், ராத்திரி மூணு மணி நேரம் நடக்கும், ஆனா ஒவ்வொரு வாரமும் 100, 150 பக்கம் ஜர்னல் கட்டுரை படிச்சிட்டு வந்து வட்டமா உக்காந்து பேசணும். படிக்காம போனா ஒளிய இடமே இருக்காது. அவன் நாலாவது வாரமே ஒண்ண டிராப் பண்ணான். முதல் செமஸ்டர்ல 9 போதும்.

கோர், எலெக்டிவ்னு போட்டிருக்கு. எது கட்டாயம், எது நம்ம இஷ்டம்?

தியரி ஒண்ணு, ஆராய்ச்சி முறை ஒண்ணு ரெண்டு, இதுதான் கட்டாயம். ஆராய்ச்சி முறைல ஒண்ணு எண் கணக்கு பக்கம், சர்வே, புள்ளியியல். இன்னொண்ணு நேர்காணல், கூட உக்காந்து கவனிக்கிறது. மிச்சம் எலெக்டிவ்: ஹெல்த் கம்யூனிகேஷன், ஆர்கனைசேஷனல், இன்டர்கல்ச்சுரல், நெருக்கடி நேரத்துத் தகவல் தொடர்புன்னு வரும்.

கட்டாய கோர்ஸ்ல சிலது வருஷத்துக்கு ஒரு தடவதான் நடக்கும். ஃபால்ல, அதாவது ஆகஸ்ட் வாக்குல ஆரம்பிக்கிற செமஸ்டர்ல, விட்டுட்டா அடுத்த ஃபால் வரைக்கும் கிடைக்காது. அதனால வந்த முதல் வாரமே நாலு செமஸ்டருக்கும் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதிடுங்க. நிறைய பேர் புள்ளியியலுக்குப் பயந்து கடைசில வச்சிக்கிறாங்க, அது தப்பு, தீசிஸுக்கு முன்னாடியே அது தேவைப்படும்.

மூணு வருஷ பி.எஸ்சி. விஸ்காம் எடுப்பாங்களா? பதினாறு வருஷ படிப்பு வேணும்னு சொல்றாங்களே?

சில யூனிவர்சிட்டி எடுப்பாங்க, சில பேர் 12+3 பத்தாதுன்னு சொல்லிடுவாங்க. உங்க காலேஜ், காலேஜ்களுக்குத் தரம் போடுற நாக் (NAAC) அமைப்புல ஏ கிரேடு வாங்கியிருந்து நீங்க முதல் வகுப்பா இருந்தா ஒத்துக்கிற இடங்கள் இருக்கு. பத்தாதுங்கிற இடத்துல ஊர்லயே ஒரு வருஷ டிப்ளமாவோ எம்.ஏ. முதல் வருஷமோ சேத்துக் காட்டினா ஒத்துக்கிறதும் உண்டு. அப்ளிகேஷன் ஃபீஸ் கட்றதுக்கு முன்னாடியே கிராஜுவேட் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு ஈமெயில் போட்டு கேட்டுடுங்க. ரெண்டு வரி ஈமெயில் தான், ஒரு இடத்துக்கு ஆகுற மொத்தச் செலவ அது மிச்சம் பண்ணும்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். சேத்துக்குவாங்களா?

சேத்துக்குவாங்க, ஆனா லெவலிங் கோர்ஸ்னு ஒண்ணு ரெண்டு யூ.ஜி. பாடத்த முதல்ல படிக்கச் சொல்லலாம். அந்த கிரெடிட் உங்க 36-ல சேராது, ஃபீஸ் மட்டும் உண்டு. அட்மிட் லெட்டர்ல "கண்டிஷனல்"னு ஒரு வார்த்த இருக்கான்னு பாருங்க. இருந்தா என்ன கண்டிஷன், எப்போக்குள்ள முடிக்கணும்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

ஒரு சப்ஜெக்ட்ல சி பிளஸ் வந்துடுச்சு. பாஸ் தானே? எதுக்கு வார்னிங் லெட்டர்?

யூ.ஜி.ல பாஸ், இங்க அப்படி இல்ல. மாஸ்டர்ஸ்ல மொத்த ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளோட சராசரி, 3.0-க்குக் கீழ போகக் கூடாது. போனா புரொபேஷன், அதாவது எச்சரிக்கை நிலை. கணக்கு போட்டே காட்டுறேன். மூணு கோர்ஸ்ல ரெண்டு பி, ஒரு சி பிளஸ். பி-க்கு 3.0, சி பிளஸுக்கு 2.3. கூட்டி மூணால வகுத்தா 2.77. அவ்ளோதான், லெட்டர் வந்துடும்.

பயப்படாதீங்க, ஏறிடலாம். அடுத்த செமஸ்டர்ல மூணுலயும் பி பிளஸ் வந்தா, அதாவது 3.3, மொத்தம் 3.03 ஆயிடும். மூணுல ஒண்ணு ஏ, ரெண்டு பி வந்தாலும் 3.33, அதுவும் போதும். ஆனா ரெண்டாவது செமஸ்டரும் கீழயே இருந்தா டிஸ்மிஸ் பண்ற இடங்கள் உண்டு, அசிஸ்டன்ட்ஷிப் (துறைல வேலை பாத்து டியூஷன் தள்ளுபடியும் சம்பளமும் வாங்குறது) இருந்தா அதுவும் போகும். இன்னொண்ணு, கோர் பாடத்துல குறைஞ்சது பி வேணும்னு சில துறை தனியா வச்சிருக்கும், அங்க ஜி.பி.ஏ. நல்லா இருந்தாலும் அந்தக் கோர்ஸ மறுபடி எடுக்கணும்.

தீசிஸா, புராஜெக்ட்டா, காம்ப்ஸா? எது ஈஸி?

எல்லாரும் ஈஸி எதுன்னு தான் கேக்குறாங்க. முடிச்சிட்டு எங்க போறீங்கன்னு முதல்ல யோசிங்க. பிஎச்.டி. போற எண்ணம் இருந்தா தீசிஸ். வேலைக்குன்னா புராஜெக்ட். காம்ப்ஸுங்கிறது படிச்ச எல்லாத்துல இருந்தும் கேள்வி வந்து மணிக்கணக்கா உக்காந்து எழுதுற பரீட்சை, எல்லா இடத்துலயும் இருக்காது. பரீட்சைல பழகின நம்ம பசங்க அதுல நல்லா பண்றாங்க, ஆனா கைல காட்ட ஒண்ணும் மிஞ்சாது, அதனால நான் அதச் சிபாரிசு பண்ண மாட்டேன்.

தீசிஸுக்கு வழக்கமா 6 கிரெடிட், ரெண்டு கோர்ஸுக்குச் சமம். மூணு பேராசிரியர் கொண்ட கமிட்டி, முதல்ல புரொபோசல் டிஃபென்ஸ் (என்ன பண்ணப் போறோம்னு கமிட்டி முன்னாடி விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்றது), அப்புறம் டேட்டா, அப்புறம் ஃபைனல் டிஃபென்ஸ், அதுக்கும் மேல கிராஜுவேட் ஸ்கூல் மார்ஜின் அளவு முதற்கொண்டு பாத்து திருப்பி அனுப்பும். என்னோடத மூணு தடவ திருப்பினாங்க, மூணாவது தடவ அட்டவணைத் தலைப்புக்குக் கீழ இருந்த இடைவெளிக்காக. டிஃபென்ஸ் முடிஞ்ச அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காம ரெண்டு வாரமாவது கைல வச்சுக்கோங்க.

புராஜெக்ட்னா பவர்பாயிண்ட் மாதிரியா? என்ன செய்யணும்?

பெரும்பாலும் 3-ல இருந்து 6 கிரெடிட். வெளிய ஒரு நிறுவனத்துக்கு உண்மையிலயே இருக்கிற ஒரு பிரச்சினைய எடுத்து, ஆராய்ஞ்சு, அவங்க பயன்படுத்துற மாதிரி ஒரு பொருள் குடுக்கணும், கூடவே தியரியோட ஒரு ரிப்போர்ட்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி, இல்லாதவங்களுக்கு இலவசமா மளிகை குடுக்கிற ஒரு ஃபுட் பான்ட்ரிக்குப் பண்ணா. அங்க புதுசா வர்றவங்க நாலு பக்க ஃபார்ம் ஒண்ண நிரப்பணும், பாதிப் பேர் நிரப்பாம எழுந்து போயிடறாங்கன்னு அவங்க கவலை. இவ ரெண்டு சனிக்கிழமை அந்த பெஞ்ச்லயே உக்காந்து, யாரு என்ன எழுதுறாங்கன்னு பாக்காம, பேனா எந்தக் கேள்வில நிக்குதுன்னு மட்டும் பாத்தா. வீட்ல எத்தன பேர், வருமானம் எவ்ளோங்கிற ரெண்டு கேள்வில தான் நின்னுச்சு. எதுக்குக் கேக்குறாங்கன்னு அந்தப் பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல, போலீஸுக்குப் போகுமோ, கவர்மென்ட்டுக்குப் போகுமோன்னு பயம். ஃபார்ம ஒரே பக்கமா சுருக்கி, அந்த ரெண்டு கேள்விக்குப் பக்கத்துல "இது பொட்டலம் எவ்ளோ பெருசா போடணும்னு பாக்க மட்டும்"னு எழுதி, ஸ்பானிஷ்லயும் அடிச்சுக் குடுத்தா. இன்டர்வியூல அந்த ஒரு பக்கத்த எடுத்து மேசைல வச்சுத்தான் பேசுவாளாம். அப்ளைடுன்னா என்னன்னு முதல் கேள்வில நான் சொன்னதவிட இந்த ஒரு தாள் நல்லா சொல்லிடும்.

ஐ.ஆர்.பி.ன்னு பயமுறுத்துறாங்க. நாலு பேர்கிட்ட பேசறதுக்கெல்லாம் பர்மிஷன் வேணுமா?

வேணும். ஐ.ஆர்.பி.ங்கிறது மனுஷங்கள வச்சுப் பண்ற ஆராய்ச்சிய முன்கூட்டியே பாத்து அனுமதிக்கிற குழு. இது சும்மா வந்த சடங்கு இல்ல. அமெரிக்காவுல டஸ்கெகீங்கிற ஊர்ல அரசாங்க ஆராய்ச்சியாளருங்க 1932-ல இருந்து 1972 வரைக்கும் கறுப்பின ஆம்பளைங்களுக்கு சிபிலிஸ் இருக்குன்னு தெரிஞ்சும், மருந்து கண்டுபிடிச்ச பிறகும், உண்மையச் சொல்லாம, வைத்தியம் குடுக்காம நோய் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டே இருந்தாங்க. அது வெளிய வந்தப்புறம் 1974-ல சட்டம் வந்து, 1979-ல பெல்மான்ட் ரிப்போர்ட் வந்து, அதுக்கு மேல கட்டினது தான் இன்னிக்கு இருக்கிற விதிகள். நாம நாலு பேர்கிட்ட பேசறதுன்னாலும் அவங்க பேசினது நம்ம கைல இருக்குல்ல, அத எங்க வைப்போம், பேர் வெளிய வருமா, வேண்டாம்னா நிறுத்திக்கலாமான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நடைமுறைல, முதல்ல ஆன்லைன்ல ஒரு டிரெய்னிங் முடிக்கணும், அப்புறம் கேள்வித்தாள், சம்மதப் படிவம், ஆளுங்கள எப்படிக் கூப்பிடுவோம்ங்கிற விளம்பரம் எல்லாம் சேத்து சமர்ப்பிக்கணும். வயசு வந்தவங்ககிட்ட சாதாரண நேர்காணல், சர்வேன்னா பெரும்பாலும் எக்ஸெம்ப்ட் (முழுப் பரிசீலனை தேவையில்லாத) வகையில வேகமா முடியும், குழந்தைங்க, கைதிங்கன்னா நீளும். எக்ஸெம்ப்ட்னு நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது, அவங்க சொல்லணும்.

நான் பட்டது ஒண்ணு சொல்றேன். அனுமதி வர்றதுக்கு முன்னாடியே ஆர்வக்கோளாறுல ஆறு பேர்கிட்ட பேசி ரெக்கார்ட் பண்ணிட்டேன். அதுல ஒரு அம்மா, தன் மகன் ஸ்கூல்ல தனக்காக மொழிபெயர்க்கும்போது எதெல்லாம் விட்டுட்டுச் சொல்வான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, என் மொத்த தீசிஸுக்கும் அதவிட நல்ல நேர்காணல் கிடைக்கல. ஒரு வரி கூட பயன்படுத்த முடியல. அனுமதிக்கு முந்தி எடுத்த டேட்டாவ பின்னாடி சேக்க முடியாது. அதே மாதிரி கிளாஸ் அசைன்மென்ட்டுக்காக எடுக்கிற நேர்காணலுக்குப் பல இடத்துல ஐ.ஆர்.பி. கேக்க மாட்டாங்க, ஆனா அத அப்புறம் தீசிஸ்லயோ கான்ஃபரன்ஸ்லயோ போடலாம்னு நினைச்சா கதை மாறிடும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் முதல்லயே அப்ளை பண்ணிடுங்க.

அட்வைசர் ஓகே சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் சிஸ்டம்ல அந்தக் கோர்ஸ் கணக்குல வரல?

வாய்ல சொன்னா கணக்குல வராது. டிகிரிக்கு என்ன தேவைங்கிறது நீங்க சேந்த வருஷத்து கேட்டலாக்ல, அதாவது யூனிவர்சிட்டி போடுற பாட, விதிப் புத்தகத்துல, எழுதியிருக்கிறது தான். பொதுவா நீங்க சேந்த வருஷத்து கேட்டலாக் தான் உங்களுக்கு, அப்புறம் மாத்தினா அது புதுசா வர்றவங்களுக்கு. அந்த பக்கத்த பிடிஎஃப்பா சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

எனக்கு ஒரு 400 லெவல் கோர்ஸ் சேரும்னு சொன்னாங்க, நம்பி எடுத்தேன். மூணாவது செமஸ்டர் கடைசில டிகிரி ஆடிட்ட (எது முடிஞ்சுது, எது பாக்கின்னு சிஸ்டம் காட்ற பக்கம்) திறந்தா எல்லா வரியும் பச்சை, எலெக்டிவ் வரி மட்டும் சிவப்பு, "3 கிரெடிட் தேவை". 400 லெவல் யூ.ஜி. பாடம், அதுலயே மாஸ்டர்ஸ் மாணவங்களுக்குன்னு கூடுதல் வேலையோட 500 நம்பர்ல ஒரு செக்ஷன் இருந்திருக்கு, நான் தப்பான நம்பர்ல பதிவு பண்ணிட்டேன். ஒரே ரூம், ஒரே வாத்தியார், ஒரே பாடம், நம்பர் மட்டும் வேற. அதனால செமஸ்டருக்கு ரெண்டு தடவ ஆடிட்டத் திறந்து பாருங்க, அட்வைசர் எதுக்கு விலக்கு குடுத்தாலும் "இன்னிக்குப் பேசினது இது, சரிதானே"ன்னு அன்னிக்கே ஒரு ஈமெயில் அனுப்பி பதில் வாங்கி வச்சுக்கோங்க.

ஊர்ல எம்.ஏ. முடிச்சிருக்கேன். அந்த கிரெடிட்ட டிரான்ஸ்ஃபர் பண்ணா ஒரு வருஷத்துல முடிச்சிடலாமா?

பெரும்பாலும் முடியாது. டிரான்ஸ்ஃபர்னா பொதுவா 6-ல இருந்து 9 கிரெடிட் வரைக்கும் தான், அதுவும் பல இடத்துல வேற ஒரு டிகிரிக்குப் பயன்படுத்தாத கிரெடிட்டா இருக்கணும். முடிச்ச எம்.ஏ.ல எல்லாமே பயன்படுத்தினது தானே. அட்மிஷனுக்கு அது பலம், கணக்குல சேராது.

அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சா கிளாஸ் எடுக்கச் சொல்வாங்களாமே, நம்ம இங்கிலீஷ்ல அமெரிக்கப் பசங்களுக்கா?

ஆமா, அதுவும் பப்ளிக் ஸ்பீக்கிங். கம்யூனிகேஷன் துறைல அசிஸ்டன்ட்ங்களுக்குப் பெரும்பாலும் குடுக்கிற வேலை அதுதான். வாரம் 20 மணி நேரம், பதிலுக்கு டியூஷன் தள்ளுபடி, மாசச் சம்பளம். எவ்ளோ தள்ளுபடிங்கிறது இடத்தப் பொறுத்தது, ஃபீஸ்னு தனியா ஒரு தொகை நம்ம கைல இருந்து போகும், கேட்டுக்கோங்க. கிளாஸ் எடுக்கணும்னா டோஃபல்லயோ ஐஈஎல்டிஎஸ்லயோ ஸ்பீக்கிங் மார்க்க தனியா பாக்குற இடங்கள் உண்டு. உச்சரிப்புக்குக் கவலப்படாதீங்க. முதல் நாள் மேடைல நடுங்குறது அந்தப் பசங்க தான், நமக்குப் பள்ளிக்கூட பேச்சுப்போட்டிப் பழக்கம் இருக்கு.

இன்டர்ன்ஷிப் கட்டாயமா? முதல் செமஸ்டர்லயே பண்ணலாமா?

சில புரோகிராம்ல கட்டாயம், பலதுல எலெக்டிவ். ஆனா எஃப்-1 விசால, அதாவது ஸ்டூடன்ட் விசால, இருக்கிறவங்களுக்கு கேம்பஸுக்கு வெளிய வேலைன்னா சிபிடி, அதாவது படிக்கும்போதே படிப்போட சேந்த வேலைக்கான அனுமதி, வேணும், அது ஒரு கல்வியாண்டு ஃபுல் டைம் படிச்சப்புறம் தான் பொதுவா கிடைக்கும். அந்த அனுமதியோட புது ஐ-20 (ஸ்டூடன்ட் விசாவுக்காக யூனிவர்சிட்டி குடுக்கிற படிவம்) கைக்கு வந்த தேதிக்கு முன்னாடி ஒரு நாள் கூட போகாதீங்க. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்னாலும் டிஎஸ்ஓ, அதான் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல நம்ம ஐ-20 பாக்குறவங்க, அவங்ககிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க. ஃபுல் டைம் சிபிடி 12 மாசமோ அதுக்கு மேலயோ ஆயிடுச்சுன்னா படிப்பு முடிஞ்சதும் கிடைக்கிற ஓபிடிங்கிற வேலை அனுமதி போயிடும். வாரம் 20 மணி நேரத்துக்குள்ளன்னா அந்தக் கணக்குல வராது.

டிகிரிக்கு இன்னும் ஒரே கோர்ஸ் தான் பாக்கி. அத ஆன்லைன்ல எடுத்துட்டு ஊருக்குப் போயிடலாமா?

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. டிகிரி விதி வேற, விசா விதி வேற. யூனிவர்சிட்டிக்கு ஆன்லைன் கோர்ஸும் நேர்ல எடுக்கிறதும் ஒண்ணுதான், ஆனா எஃப்-1-ல ஃபுல் டைம் கணக்குக்கு ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் கிளாஸ், 3 கிரெடிட், அவ்ளோதான் எடுத்துப்பாங்க. டிகிரி முடிக்க ஒரே ஒரு கிளாஸ் தான் பாக்கின்னா அது ஆன்லைனா இருக்கவே கூடாது. கடைசி செமஸ்டர்ல 9-க்குக் கம்மியா எடுக்கலாம், ஆனா டிஎஸ்ஓ கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும். இந்த விதிகள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால சீனியர் சொன்னான்னு போகாம அவங்ககிட்டயே கேளுங்க, நான் சொன்னதையும் சேத்து.

தீசிஸ் முடியல, ஐ-20 தேதி மே மாசம். யூனிவர்சிட்டி அஞ்சு வருஷம் டைம் குடுத்திருக்கே?

போன பதில்ல சொன்ன மாதிரி டிகிரி விதி வேற, விசா விதி வேற, ரெண்டுக்கும் தனித்தனி கடிகாரம். யூனிவர்சிட்டி கடிகாரம் 5-ல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஓடும், ஐ-20 கடிகாரம் அதுல போட்ட தேதியோட நின்னுடும். நீட்டிக்கணும்னா அந்தத் தேதிக்கு முன்னாடியே கேக்கணும், படிப்பு சம்பந்தமான இல்ல உடம்பு சம்பந்தமான உண்மையான காரணம் வேணும். ஆராய்ச்சி தலைப்பு மாறினது, டேட்டால எதிர்பாராத சிக்கல், இதெல்லாம் காரணம். புரொபேஷன்ல இருந்ததால நீண்டுடுச்சுங்கிறது காரணம் இல்ல. தேதி தாண்டிட்டா பெரிய சிக்கல்.

இன்னொரு வழி, கோர்ஸ் எல்லாம் முடிஞ்சு தீசிஸ் மட்டும் பாக்கின்னா ஓபிடிக்கு அப்ளை பண்ண விதி இடம் குடுக்குது. ஆனா வேலைக்குப் போய்க்கிட்டே தீசிஸ் முடிச்சவங்கள நான் ரொம்பக் கம்மியாத்தான் பாத்திருக்கேன். ஓபிடி 12 மாசம், அதுல வேலையில்லாம மொத்தம் 90 நாளுக்கு மேல இருக்கக் கூடாது, வேலை தேடி, வேலை பாத்து, ராத்திரி வந்து அத்தியாயம் எழுதறதுங்கிறது உடம்புக்கும் மனசுக்கும் தாங்காது. முடியாதுன்னு ரெண்டாவது செமஸ்டர் கடைசிலயே தெரிஞ்சா புராஜெக்ட்டுக்கு மாறிடுங்க. அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

எங்க புரோகிராம் ஸ்டெம்மா (அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு லிஸ்ட்ல இருக்கா)? மூணு வருஷம் வேலை பாக்கலாம்னு கன்சல்டன்சில சொன்னாங்க.

ஐ-20-ல சிஐபி கோட்னு, படிப்பு எந்த வகைன்னு காட்ற ஒரு நம்பர் இருக்கும், அதப் பாருங்க. கம்யூனிகேஷன் படிப்பெல்லாம் 09-ல ஆரம்பிக்கும். 09.0101 மாதிரி பொதுவான கோட் ஸ்டெம் லிஸ்ட்ல இல்ல, 12 மாசம் தான். 09.0702, டிஜிட்டல் கம்யூனிகேஷன் அண்ட் மீடியா, லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு இன்னும் 24 மாசம் கேக்கலாம். கடன் வாங்கிப் போறவங்க சேர்றதுக்கு முன்னாடியே துறைக்கு எழுதி இந்தக் கோட கேட்டுடுங்க. வீட்டுப் பத்திரத்த அடகு வச்சிட்டு வந்தப்புறம் இது தெரியிறது ரொம்ப வலிக்கும், நான் அந்த மாதிரி ரெண்டு பேரோட உக்காந்து பேசியிருக்கேன்.

போன செமஸ்டர் எழுதின பேப்பரையே இந்தக் கோர்ஸுக்கும் குடுக்கலாமா? என்னோடது தானே?

ரெண்டு வாத்தியார்கிட்டயும் கேக்காம குடுத்தா அது நேர்மைக்கேடுன்னு கேஸ் ஆகும். கேட்டா, அதையே வளத்து எழுதச் சொல்லி சந்தோஷமா விடுவாங்க, தீசிஸ் அப்படித்தான் வளரும். ஏஐ பயன்படுத்தலாமாங்கிறதும் அதே மாதிரி, ஒவ்வொரு சிலபஸ்லயும் ஒவ்வொரு விதி.

கன்வொகேஷன்ல மேடை ஏறி நடந்துட்டேன், ஃபோட்டோவும் போட்டாச்சு. ஆனா டிரான்ஸ்கிரிப்ட்ல டிகிரின்னு வரலையே?

நடக்கிறது வேற, டிகிரி ஏறுறது வேற. செமஸ்டர் ஆரம்பத்துலயே கிராஜுவேஷனுக்கு தனியா அப்ளை பண்ணணும், பல இடத்துல ஒரு ஃபீஸும் உண்டு. இன்கம்ப்ளீட்னு ஒரு "ஐ" கிரேடு எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா டிகிரி ஏறாது, பல யூனிவர்சிட்டில அது குறிப்பிட்ட காலத்துக்கு மேல எஃப்பா மாறிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி லைப்ரரில கட்டாத அபராதத்துக்காக டிரான்ஸ்கிரிப்ட்ட பிடிச்சு வச்ச கதையும் கேட்டிருக்கேன்.

ஊருக்குத் திரும்பினா இந்த டிகிரி செல்லுமா?

தனியார் கம்பெனி, என்ஜிஓன்னா பெரும்பாலும் யாரும் கேக்க மாட்டாங்க. காலேஜ்ல வேலை, நெட் பரீட்சை, இங்க பிஎச்.டி.ன்னா சமநிலைச் சான்றிதழ் கேப்பாங்க. முன்னாடி ஏஐயு, அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம், குடுத்துட்டு இருந்தது, 2025-ல யூஜிசி வெளிநாட்டு டிகிரிக்குன்னு தனி ஒழுங்குமுறை கொண்டு வந்திருக்கு. டிரான்ஸ்கிரிப்ட் ரெண்டு மூணு காப்பி சீல் பிரிக்காம, சிலபஸ் எல்லாம் பிடிஎஃப்பா, கேட்டலாக் பக்கத்தோட சேத்து கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா ஸ்டூடன்ட் ஈமெயில் ஒருநாள் மூடிடுவாங்க, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் இங்க இருந்து ராத்திரில முழிச்சு ஃபோன் போடணும்.